அட்டிக்கில் ரக்கூன் குடும்பம்: செலவு யாருடையது?

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஏப்ரலிலிருந்து கூரைக்கடியில் உள்ள அட்டிக்கில் ஒரு ரக்கூன், இப்போது குட்டிகளின் சத்தமும் கேட்கிறது. வீட்டு உரிமையாளரோ, "கூண்டு வைத்துப் பிடித்து ரூஜ் பூங்காவில் விடுங்கள், செலவு உங்களுடையது" என்கிறார். பக்கத்து வீட்டு அம்மா தினமும் அவற்றுக்குச் சோறு வைக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அந்தக் கூண்டை வாங்காதீர்கள் சகோதரி. ஒன்ராறியோ சட்டப்படி, வீட்டைச் சேதப்படுத்தும் ரக்கூனைப் பிடிக்கலாம்தான். ஆனால் 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் விட்டுவிட வேண்டும். காரில் ஏற்றி ரூஜ் பூங்காவரை கொண்டுபோனால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், யோசனை சொன்னவர் அல்ல. அடித்து விரட்டவும் நினைக்காதீர்கள்: ரக்கூன் குட்டிகளை மண்வெட்டியால் அடித்ததாக 2011இல் ரொறன்ரோவில் ஒருவர்மீது விலங்குவதை வழக்கே பதிவானது.

அடுத்து செலவு. 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்கிறது. ரக்கூன் நுழைந்த ஓட்டையை அடைப்பது கூரைப் பழுது. அது அவர் பொறுப்பு. "குடிவரும்போதே ஓட்டை இருந்தது தெரியும்தானே" என்று அவர் சொன்னாலும் எடுபடாது. நீங்கள் அவரிடம் வாயால் சொன்னது போதாது. இன்றே அவருக்கு ஈமெயில் எழுதுங்கள்: எந்தத் தேதியிலிருந்து சத்தம், சீலிங்கில் மூத்திரக் கறை இருந்தால் அதன் படம், எல்லாம் அதில் இருக்கட்டும். பதில் இல்லையென்றால் நகரசபையின் தொலைபேசிச் சேவையான 311க்கு அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால், ஒரு வருடத்துக்குள் வாடகைத் தீர்ப்பாயத்தில், பராமரிப்புக் குறைகளுக்கான டி6 (T6) விண்ணப்பம் போடலாம். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வலுவான உங்கள் வழக்கு, வாடகை பாக்கி வழக்காகிவிடும்.

குட்டிகள் விஷயத்தை அந்த ஈமெயிலில் கட்டாயம் எழுதுங்கள். தாய் வெளியே போன நேரம் பார்த்து ஓட்டையை அடைத்தால், குட்டிகள் உள்ளே பட்டினி கிடந்து சாகும். அந்தப் பாவம் வேண்டாம். தொழில் தெரிந்தவர்கள் குட்டிகளை ஒரு பெட்டியில் வைத்து, நுழைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடுவார்கள். இரவில் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வித் தன் வேறொரு பொந்துக்குக் கொண்டுபோகும். அப்படிச் செய்பவர்களையே அழைக்கும்படி கேளுங்கள்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் நல்லபடியாகப் பேசிப் பாருங்கள். சொந்த வளவிலும் காட்டு விலங்குக்கு உணவு வைக்கக் கூடாது என்று 2023 ஏப்ரலிலிருந்து ரொறன்ரோவில் விதி இருப்பது அவருக்குத் தெரியாமலிருக்கலாம். கேட்கவில்லையென்றால், அப்புறம் 311.

அட்டிக்கில் கிடக்கும் எச்சத்தை நீங்கள் கூட்டி அள்ளப் போகாதீர்கள். மனிதரைத் தாக்கும் உருளைப்புழுவின் முட்டைகள் அதில் இருக்கலாம். அந்தச் சுத்திகரிப்பையும் உரிமையாளரிடமே எழுத்தில் கேளுங்கள்.