பெங்களூர் கப்பன் பார்க்கில் மியூசியம், ஓவியம், நூலகம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் உண்டு. கஸ்தூர்பா சாலை அரசு மியூசியம், வெங்கடப்பா ஓவியக்கூடம், கப்பன் பார்க் நூலகம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? – வாசகி, அல்சூர்

பதில்: கிழமையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் தாராளமாக முடியும். திங்கட்கிழமையும் அரசு விடுமுறையும் வேண்டாம், மூன்றுமே பூட்டியிருக்கும். நூலகத்துக்கு இரண்டாம் செவ்வாயும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பார்க்குக்குள் வண்டி விடுவதில்லை என்பதால் பெரியவர்களுக்கு நடை அதிகமாகிவிடும். மகளுக்குப் பள்ளி இல்லாத ஒரு வார நாள்தான் நல்லது. இன்னொன்று முக்கியம்: மியூசியமும் ஓவியக்கூடமும் மராமத்துக்காக நீண்ட நாள் மூடப்படுவது உண்டு. மாநிலத் தொல்லியல் துறையில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

காலை 10 மணிக்கே மியூசியத்துக்குள் போய்விடுங்கள். அங்கே நின்றுதான் பார்க்க வேண்டும், அதனால் கால் ஓய்வதற்கு முன் அதை முடிப்பதே சரி. ஓவியக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. நாற்காலி போட்டிருக்கும் நூலகம் கடைசியில் வரட்டும். மியூசியத்திலிருந்து பார்க் வழியாக அது பத்துப் பதினைந்து நிமிட நடை. அதே சாலையில் உள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப மியூசியத்துக்குள் மகள் நுழைந்துவிட்டால் அரை நாள் அங்கேயே போய்விடும். அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மியூசியத்தில் வரிசையாகக் கற்கள் நிற்கின்றன, ஒன்றும் புரியவில்லை. தமிழர்கள் எதைத் தேடிப் பார்க்க வேண்டும்? – வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: ஒரே ஒரு கல்லைப் பார்க்கத்தான் நேரம் என்றால், ஆதகூர்க் கல்லைப் பாருங்கள். மண்டியா வட்டாரத்தில் கிடைத்த இந்தக் கல்லில் ஒரு வேட்டை நாயும் காட்டுப்பன்றியும் மோதுகின்றன. நாயின் பெயர் காளி. கங்க அரசன் பூதுகனிடம் அதைக் கேட்டு வாங்கியவன் மணலேரன் என்ற வீரன். பன்றியோடு பொருது, அதையும் கொன்று தானும் இறந்த அந்த நாய்க்காக எழுப்பிய கல் இது.

சுற்றியுள்ள பழங்கன்னட எழுத்துகளில் நம் வரலாறு இருக்கிறது. 949-இல் அரக்கோணத்துக்கு அருகே தக்கோலத்தில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்கும் சோழருக்கும் நடந்த போரில், முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தனை, கிருஷ்ணன் பக்கம் நின்று போரிட்ட பூதுகன் கொன்றதாக இக்கல் சொல்கிறது. சோழரின் ஆனைமங்கலச் செப்பேடு, இராசாதித்தன் யானை மேல் இருந்தபடியே அம்பு பாய்ந்து இறந்ததாகப் பாடுகிறது. நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகும் தோல்வியை, வென்ற பக்கம் அந்தக் காலத்திலேயே வெட்டிவைத்த சாட்சி இது. இதைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு.

போரில் இறந்த வீரருக்காக நட்ட பேகூர் நடுகல்லும் இங்கேதான். கங்கர், நொளம்பர் என்ற இரு அரச குலங்களுக்கு இடையே நடந்த போர் அதில் நெருக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பொதுவாக நடுகற்களைக் கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும்: அடியில் சண்டை, நடுவில் வீரனை அழைத்துப் போகும் தேவமகளிர், உச்சியில் மேலுலகம். மேலிருந்து தொடங்குவதால்தான் பலருக்குக் கதை பிடிபடுவதில்லை.

கேள்வி: வெங்கடப்பா ஓவியங்கள் மங்கலாகத் தெரிவது ஏன்? – வாசகி, ஜீவன்பீமா நகர்

பதில்: நீர்வண்ணம் வெளிச்சத்தில் வெளிறிவிடும். ஒருமுறை போன நிறம் திரும்பாது, அதனால் இத்தகைய படங்களுக்கு விளக்கைக் குறைத்தே வைப்பார்கள். வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் ஐந்து நிமிடம் கண்ணைப் பழக விடுங்கள். படங்கள் சிறியவை, ஒரு கை நீளத்துக்குக் கிட்டே போய்ப் பார்க்கலாம். கண்ணாடியில் உங்கள் முகமே தெரிந்தால் ஓரடி பக்கவாட்டில் நகருங்கள். கல்கத்தாவில் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற வெங்கடப்பா, ஊட்டியையும் கொடைக்கானலையும் தீட்டியிருக்கிறார். மலை மேல் பனி ஏறி இறங்கும் அந்தப் படங்களுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: நூலகத்தில் யாரும் உட்கார்ந்து படிக்கலாமா? – வாசகர், சிவாஜி நகர்

பதில்: படிக்கலாம். வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் உறுப்பினராக வேண்டும். அதற்கு முகவரிச் சான்றும் முன்பணமும் தேவை. பையை வாசலில் வைக்கச் சொல்வார்கள், நோட்டும் பேனாவும் மட்டும் கையில் இருக்கட்டும். கட்டடத்தின் பெயர் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம். 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்த பாலக்காட்டுத் தமிழர் அவர். லூயிஸ் ரைஸ் பதிப்பித்த ‘எபிகிராஃபியா கர்நாடிகா’ என்ற கல்வெட்டுத் தொகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்பதாம் தொகுதி பெங்களூர் மாவட்டம், பத்தாம் தொகுதி கோலார். இரண்டிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. தமிழ் நூல்களுக்கு அல்சூர் ஏரி அருகே தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது.

கேள்வி: பள்ளி புராஜெக்டுக்காக மியூசியக் கல்வெட்டை மைப்படி எடுக்கலாமா? – மாணவி, ஒசூர்

பதில்: கூடாது. ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் அடித்து மை ஒற்றும் வேலை அது. அனுமதியும் பயிற்சியும் இல்லாமல் செய்தால் கல்லில் கறை ஏறும். அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், நேராக விழும் வெளிச்சம் எழுத்தின் நிழலை அழித்துவிடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரம் பார்த்து, கல்லைத் தொடாமல் பக்கத்தில் ஒரு ஸ்கேலைப் பிடித்து, பகுதி பகுதியாக எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கு வர வேண்டும், இல்லையென்றால் வரிகளைச் சேர்க்கும்போது எழுத்து விட்டுப்போகும்.