கெண்டி ஆவியும் ஜேம்ஸ் வாட்டும்: கேள்வி பதில்

கே: ஐயா, கண்டுபிடிப்பாளர்களுக்கு யோசனை திடீரென்றுதான் வருமா?

ப: ஜேம்ஸ் வாட்டை எடுத்துக்கொள்வோம். 1763-64 குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த, நியூகோமன் என்பவர் முன்பே உருவாக்கிய நீராவி எந்திரத்தின் சின்ன மாதிரி அவரிடம் பழுதுபார்க்க வந்தது. சரிசெய்தும் சில அடிகளிலேயே (தண்டு ஒருமுறை ஏறி இறங்குவது ஓர் அடி) நின்றுவிடும். கொதிகலனில் ஆவி தீர்ந்துபோகும். சின்ன மாதிரிதானே என்று அவர் விடவில்லை. ஆவி எங்கே போகிறது என்று அளக்க உட்கார்ந்தார். ஆவியைக் குளிர்விக்க, அந்தத் தண்டு ஏறி இறங்கும் உலோக உருளைக்குள்ளேயே தண்ணீர் பீய்ச்சுவார்கள். அடுத்த அடிக்கு வரும் ஆவியில் பெரும்பங்கு, அந்தக் குளிர்ந்த உலோகத்தைச் சுடவைப்பதிலேயே வீணானது. உருளை சூடாகவும் இருக்கவேண்டும், குளிரவும் வேண்டும்! இந்த முடிச்சோடு மாதக்கணக்கில் மல்லாடினார். 1765இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோ கிரீன் புல்வெளியில் நடக்கும்போது அவிழ்ந்தது: பக்கத்தில் தனிப் பாத்திரம் வைத்து, ஆவியை அங்கே இழுத்துக் குளிர்வித்தால் உருளை சூடாகவே இருக்கும். விடை வந்தது நடையில். கேள்வி உருவானது பட்டறையில். அதனால்தான் சொல்கிறேன், முதலில் அளந்து பாருங்கள்.

கே: என் மகனுக்கு 9 வயது. எல்லா பொம்மையையும் பிரித்துப் போடுகிறான்.

ப: திட்டாதீர்கள் அம்மா. திரும்பப் பூட்டும்போது பக்கத்தில் இருங்கள். மிஞ்சிய திருகாணி எங்கே போகவேண்டும் என்று அவனே தேடட்டும்.

கே: பேடன்ட் வாங்க எவ்வளவு செலவாகும்?

ப: என் துறை இல்லை. காப்புரிமை வக்கீலைப் பாருங்கள்; அதுவரை யாருக்கும் செய்துகாட்டாதீர்கள்.

கே: கெண்டி மூடி ஆடியதைப் பார்த்துத்தானே வாட் நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்தார்?

ப: இல்லை. நியூகோமன் எந்திரம் 1712லேயே சுரங்கத்தில் தண்ணீர் இறைத்தது. வாட் பிறந்ததே 1736இல்.

கே: கெண்டிக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறோமே, எல்லாம் பொய்யா?

ப: இன்று இதை மறுபடி கேட்கிறீர்கள், அதனால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். வாட் கெண்டியை வைத்துச் சோதனை செய்தது உண்மை. ஆவியைக் குழாய் வழியாகக் குளிர்ந்த நீருக்குள் விட்டார். ஆவியான தண்ணீர், தன் எடையைப்போல் ஏறக்குறைய 6 மடங்கு நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோனது. திகைத்துப்போய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் பிளாக்கிடம் கேட்க, அவர் உள்ளுறை வெப்பத்தை, அதாவது சூடு ஏறாமலே தண்ணீர் ஆவியாகும்போது உள்வாங்கும் வெப்பத்தை, விளக்கினார். கதையில் மூடி ஆடுவதை வேடிக்கை பார்க்கும் சிறுவன்தான் இருக்கிறான். அளந்து திகைத்த மனிதர் காணாமல் போய்விட்டார். பிள்ளைகளுக்கு இவரைக் காட்டவேண்டும் என்பதே என் ஆதங்கம்.

கே: யோசனை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்ததுதானே?

ப: 1765இல் யோசனை, 1769இல் காப்புரிமை, 1776இல்தான் வேலைத்தளத்தில் ஓடிய எந்திரம். ஆவி கசியாத அளவுக்குத் துல்லியமான பெரிய உருளை இடையில் கிடைக்கவில்லை. பீரங்கிக் குழல் குடையும் முறைக்கு 1774இல் காப்புரிமை பெற்ற இரும்பாலை முதலாளி ஜான் வில்கின்சன்தான் அதைக் குடைந்து கொடுத்தார்.