முகம் தெரியாதவரோடு வாதாடும்போது: ஒரு மாலைக் கேள்வி பதில்

வணக்கம். தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலைகளில் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். பசளை, மண்சரிவு, குடியுரிமை, சம்பளம் என்று முன்பின் தெரியாத ஆட்களோடு போனில், சமூக ஊடகங்களில் எழுதி வாதாடத் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. தமிழிலும் எழுதுவேன், சிங்களத்திலும் எழுதுவேன். இந்த அனுபவத்தை வைத்து நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறேன்.

பொகவந்தலாவையிலிருந்து ஓர் உயர்தர வகுப்பு மாணவர்: டீச்சர், 2021 பசளைத் தடையைப் பற்றி ஒருவரோடு மூன்று நாளாகச் சண்டை. இரசாயனப் பசளை இல்லாமல் தேயிலை நிற்காது என்று நான் சொல்கிறேன். அது நஞ்சு என்று அவர் சொல்கிறார். நான் எங்கே பிழை விட்டேன்?

மகன், நீங்கள் இரண்டு பேரும் பதில் சொல்வது ஒரே கேள்விக்கு அல்ல. அதனால்தான் மூன்று நாளாகியும் முடியவில்லை.

அளந்து பார்க்கக்கூடியதை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். தேயிலைத் தூளில் ஏறக்குறைய 4 வீதம் நைதரசன். ஒரு ஹெக்டேயரிலிருந்து வருடத்துக்கு 1000 கிலோ தூள் கிடைத்தால், கொழுந்தோடு சேர்ந்து 40 கிலோ நைதரசன் மலையை விட்டுப் போகிறது. மழையில் கழுவுப்பட்டுப் போவது இந்தக் கணக்கில் இல்லை. யூரியாவில் 46 வீதம் நைதரசன் இருப்பதால் அந்த 40 கிலோவை ஈடுகட்ட 50 கிலோ மூட்டை இரண்டுகூடத் தேவையில்லை. கூட்டெருவில் 1 வீதம் என்று வைத்தால் 4000 கிலோ வேண்டும், அதாவது 80 மூட்டை. அதையும் செங்குத்தான மலையில் தோளில் சுமந்து ஏற்ற வேண்டும். இந்தக் கணக்கை யார் போட்டாலும் ஒரே விடைதான் வரும், அதில் கட்சி கிடையாது. மே மாதம் வர்த்தமானியில் வந்த தடை நவம்பரில் கைவிடப்பட்டதற்கு அரசியல் காரணங்களும் உண்டு. ஆனால் அடியில் கிடந்தது இந்த மூட்டைக் கணக்கு.

அவர் சொல்வதிலும் அளக்கக்கூடியவை இருக்கின்றன. யூரியா தொடர்ந்து போட்டால் மண்ணின் அமிலத்தன்மை கூடும். கூட்டெரு மண்ணைப் பிடித்து வைக்கும், நீரையும் பிடித்து வைக்கும். இதை நீங்களே முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். நான் ஒத்துக்கொண்ட நாட்களில்தான் எதிரில் இருந்தவரின் குரல் இறங்கியிருக்கிறது.

அப்புறம் அளக்க முடியாதது வருகிறது. விளைச்சல் குறைந்தால் அந்த இழப்பை யார் சுமப்பது? எவ்வளவு காலத்தில் மாறுவது? ஒரு குடும்பத்தின் வருமானத்தை வைத்துப் பரீட்சை பார்க்கலாமா? இவற்றுக்கு ஆய்வுகூடத்தில் விடை இல்லை, ஊர் கூடி முடிவெடுக்க வேண்டியவை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசும்போதுதான் ஒருவர் மற்றவருக்கு முட்டாளாகத் தெரிகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நானும் இதே விஷயத்தில் அனுராதபுரப் பக்கத்து ஒருவரோடு கடுமையாக மோதினேன். பத்துப் பதினைந்து பதிலுக்குப் பிறகு, ‘இது உங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?’ என்று கேட்டேன். அவருடைய அப்பா சிறுநீரக நோயால் இறந்திருக்கிறார். அந்தப் பகுதிச் சிறுநீரக நோய்க்கு இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் காட்ட இன்னும் முடியவில்லை. கிணற்று நீரிலுள்ள புளோரைட், நீரின் கடினத்தன்மை, வெயிலில் உழைத்து உடல் நீர் வற்றுவது, விவசாய இரசாயனங்கள் என்று பலவற்றை ஆராய்கிறார்கள். அதை அவரிடம் சொன்னேன், ஆனால் அப்பாவைப் பற்றிக் கேட்ட பிறகுதான் சொன்னேன். அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தங்கச்சி: மலையகத் தமிழரான எங்களை ‘இந்தியாவுக்குப் போ’ என்று எழுதுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை, தங்கச்சி. நீங்கள் இந்த நாட்டில் இருக்கலாமா என்பது விவாதத்துக்குரிய கேள்வியே அல்ல. அதை ஒரு தலைப்பாக ஏற்றுக்கொண்டு உட்கார வேண்டாம்.

ஆனால் அதே இடத்தில் நூறு பேர் சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருப்பார்கள். அதில் நல்ல மனசுள்ள சிங்களப் பிள்ளைகள் பலருக்கு இந்தக் கதையை யாருமே சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காக எழுதுங்கள், சுருக்கமாக, வருடத்தோடு எழுதுங்கள். 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்மில் பெரும்பாலோரின் குடியுரிமை போனது. 1949இல் வாக்கும் போனது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் நம் ஆட்கள் 9,75,000 பேரைப் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. நாடற்றவர்களாக மிஞ்சியவர்களின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

‘அந்த 1948 சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லையே’ என்று ஒருவர் வந்து கேட்பார். கட்டாயம் கேட்பார். உண்மைதான், இல்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள். சட்டம் கேட்டது அப்பா இங்கே பிறந்த அத்தாட்சி. அது இல்லாவிட்டால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்பை யார் பதிந்து வைத்தார்கள்? பெயரைச் சொல்லாமலே ஒரு சட்டம் ஒரு மக்களை வெளியே தள்ள முடியும் என்பதை வாசிக்கிறவர்கள் தாங்களே விளங்கிக்கொள்வார்கள்.

நம் பக்கம் எழுதுகிறவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உணர்ச்சி வேகத்தில் எண்ணிக்கையைக் கூட்டி எழுதாதீர்கள். உண்மையான எண்ணிக்கையே போதுமான கொடுமை.

இராகலையிலிருந்து ஒரு தம்பி: 2012 குடிசனக் கணக்கெடுப்பில் நாங்கள் ஏறக்குறைய 8 இலட்சத்து 40 ஆயிரம் பேர்தான் என்று ஒருவர் எண்ணைக் காட்டுகிறார். நான் 15 இலட்சம் என்றேன். யார் சரி?

அவர் காட்டியது ‘இந்தியத் தமிழர்’ என்று பதிந்துகொண்டவர்களின் எண்ணிக்கை, அது சரி. ஆனால் மலையகத்தில் பலர் தங்களை ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிகிறார்கள். அப்படிப் பதிய அவர்களுக்கு உரிமையும் உண்டு. ஆகவே அந்த எண் காட்டுவது படிவத்தின் எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் பதிந்தார்கள் என்பதை. மலையகத்தில் வேர் உள்ளவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. உங்கள் 15 இலட்சத்துக்கு ஆதாரம் இருந்தால் காட்டுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கண்டியிலிருந்து ஒரு சகோதரி: 2018 மார்ச்சில் திகனப் பக்கம் முஸ்லிம்களைத் தாக்கியபோது நாங்கள் வீட்டை விட்டு ஓடியவர்கள். வதந்தி வரும்போது அதை மறுத்து எழுதுவதால் உண்மையிலேயே பயன் உண்டா?

உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு வெகுநேரம் எழுதாமல் இருந்தேன்.

பயன் உண்டு, ஆனால் வேளையோடு செய்ய வேண்டும். திகனவுக்கு முன்பே, பெப்ரவரியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கருத்தடை மாத்திரை போட்டார்கள் என்ற பேச்சு பரவியது. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. ஆனால் பகுப்பாய்வு முடிவு வருவதற்குள் வதந்தி ஊரெல்லாம் போய்விட்டது. மார்ச் மாதம் தெல்தெனிய, திகன எரிந்தபோது அவசரகாலநிலை போட்டுச் சமூக ஊடகங்களை முடக்கினார்கள். அந்த வன்முறையில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல்.

நான் செய்வது இதுதான். அந்தப் பதிவைத் திட்டுவதற்காகக்கூட ஷெயார் பண்ணமாட்டேன், ஸ்கிரீன்ஷொட்டும் போடமாட்டேன். உண்மை என்ன என்பதை மட்டும் தனியாக, சிங்களத்தில், இரண்டு வரியில் எழுதுவேன். மெஷின் மொழிபெயர்ப்பை இந்த மாதிரி நேரத்தில் நம்பவே கூடாது, ஒரு சொல் பிசகினாலும் நெருப்பு. சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். பயமுறுத்தல் வந்தால் வாதத்தை அதோடு நிறுத்துங்கள், ஆதாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பொலிஸில் சொல்லுங்கள்.

நாவலப்பிட்டியிலிருந்து ஒருவர்: கொரோனாவுக்கு மருந்து என்று சொன்ன கேகாலைப் பாணியைக் குடித்த சுகாதார அமைச்சருக்கே கொரோனா வந்தது. அது பொய் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டுமா?

வேண்டும். 2020 டிசம்பரில் தேனும் சாதிக்காயும் சேர்த்த அந்தப் பாணியை வாங்க ஆயிரக்கணக்கானவர்கள் நெரிசலில் நின்றார்கள். ‘என் மச்சான் குடித்தார், அவருக்கு வரவில்லை’ என்றுதான் அவர்களும் சொன்னார்கள். ஓர் ஆளுக்கு வராததை நாம் ஆதாரமாக ஏற்க முடியாது என்றால், ஓர் ஆளுக்கு வந்ததையும் ஆதாரமாகத் தூக்கிக் காட்ட முடியாது. குடித்தவர்கள், குடிக்காதவர்கள் என்று இரண்டு கூட்டத்தைப் போதிய எண்ணிக்கையில் ஒப்பிட்டிருக்க வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாமலே ஊருக்கு விற்றார்கள் என்பதுதான் பலமான வாதம்.

பதுளையிலிருந்து ஒரு தம்பி: எங்கள் தோட்ட டிவிஷனுக்கு வீடு கட்ட வந்த காசு எங்கே போனது என்று தினமும் எழுதுகிறேன். ஆதாரம் கேட்கிறார்கள்.

கேட்பது நியாயம்தானே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்திலோ சம்பந்தப்பட்ட அமைச்சிலோ உள்ள தகவல் அதிகாரியிடம் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள்: எந்த வருடம், எந்தத் திட்டம், எத்தனை வீடு, எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு செலவு. கையில் அந்தக் கடிதம் வந்த பிறகு எழுதுங்கள். 2024இல் இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டதால், ஆளின் பெயரைப் போட்டுக் குற்றம் சாட்டுவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் கேட்பது நல்லது.

கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா, நோர்வூட் பக்கம்: நான் எட்டாம் வகுப்பு. சம்பளத்தைப் பற்றி எழுதினால் என் எழுத்துப் பிழையைப் பிடித்துச் சிரிக்கிறார்கள் டீச்சர்.

அக்கா, சிரிக்கிறவர்களை விடுங்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். 2021 மார்ச்சில் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்ததை எல்லோரும் அறிவார்கள். அதற்குப் பிறகு உங்கள் மலையில் நோம், அதாவது ஒரு நாளில் பறிக்க வேண்டிய கொழுந்து, எத்தனை கிலோவாக ஏறியது, தராசில் எத்தனை கிலோ கழிக்கிறார்கள், எத்தனை நாள் அரைப் பேர், அதாவது பாதி நாள் சம்பளம், போட்டார்கள் என்பது கொழும்பில் இருந்து எழுதுகிறவருக்குத் தெரியாது.

ஒரு கொப்பியில் தினமும் நாலு விஷயம் குறித்து வையுங்கள்: திகதி, நீங்கள் பறித்த கிலோ, கழித்த கிலோ, போட்ட பேர். ஒரு மாதத்துக்குப் பிறகு அதை அப்படியே எழுதுங்கள், வொய்ஸில் சொன்னாலும் சரி. ‘எல்லாத் தோட்டத்திலும் இப்படித்தான்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், ‘என் மலையில் இப்படி’ என்று சொல்லுங்கள். அப்போது அதை யாராலும் அசைக்க முடியாது. இன்னும் நாலு மலையில் இருந்து நாலு பெண்கள் இதே மாதிரி கொப்பி வைத்தால் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன். எழுத்துப் பிழையையும் நான் திருத்தித் தருகிறேன்.

ஹாலிஎலவிலிருந்து: டித்வா புயல் நேரம் ‘இன்றிரவு மலை இறங்கும்’ என்று வொய்ஸ் வந்தது. பொய் என்று சிலர், உண்மை என்று சிலர். எப்படி முடிவெடுப்பது?

இதில் விவாதமே வேண்டாம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 என்றால் வெளியேற வேண்டும். நிலத்தில் வெடிப்பு, மரமோ கம்பமோ சாய்வது, கதவு திடீரென்று இறுகுவது, ஊற்று புதிதாகக் கிளம்புவது அல்லது கலங்குவது, இதில் ஒன்றைக் கண்டாலும் எச்சரிக்கை வரும்வரை நிற்காதீர்கள். வீணாக வெளியேறினால் ஓர் இரவுத் தூக்கம்தான் போகும்.

பண்டாரவளையிலிருந்து ஒரு மகள்: எப்போது நிறுத்துவது?

ஒரே வாக்கியத்தை நீங்கள் மூன்றாம் தடவை எழுதும்போது.

ஹட்டனிலிருந்து ஒரு பழைய மாணவர்: டீச்சர், முன்பின் தெரியாத ஒருவர் சொல்லி உங்கள் கருத்தை மாற்றியிருக்கிறீர்களா?

மாற்றியிருக்கிறேன். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன சில நாளில், ‘அங்கே ஆபத்து என்று முன்பே சொல்லியிருந்தார்கள், மக்கள் எழும்பிப் போகவில்லை’ என்று எழுதினேன். எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது உண்மை. விஞ்ஞானம் சொன்னதை மக்கள் கேட்கவில்லை என்ற கோபம்தான் எனக்கு.

அதன் கீழே ஒருவர் ஒரே வரி எழுதினார்: ‘எங்கே போகச் சொல்கிறீர்கள்?’

நான் பதில் தேடிப் பார்த்தேன். காணி அவர்களுடையது அல்ல, வீடும் அவர்களுடையது அல்ல. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் காலையில் நிற்க வேண்டும், பிள்ளைகளின் பாடசாலையும் அங்கேதான். மலை ஆபத்தானது என்பதை அளந்து சொல்லியிருந்தார்கள். போய்க் குடியிருக்க இடம் கொடுப்பது யார் பொறுப்பு என்பதை யாரும் முடிவு செய்திருக்கவில்லை. நான் அந்த இரண்டாவது பாதியை நினைத்தே பார்க்காமல் இறந்தவர்கள் மேல் பழியைப் போட்டிருந்தேன்.

அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. அதன் கீழேயே ‘நான் எழுதியது பிழை’ என்று எழுதி, ஏன் பிழை என்பதையும், அவர் கேட்ட கேள்வியையும் சேர்த்து வைத்தேன். அவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.