குழந்தை யாரிடம் வளர வேண்டும்? வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

திருப்பூர் வாசகர்: மனைவி எங்கள் மூன்று வயது மகனுடன் பொள்ளாச்சியிலுள்ள தாய்வீட்டுக்குச் சென்று ஒரு மாதமாகிறது. தகப்பன்தானே சட்டப்படி காப்பாளர்? மகனை என்னிடம் ஒப்படைப்பார்களா?

1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு தந்தையை இயற்கைக் காப்பாளர் என்றாலும், ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று அதே பிரிவு கூறுகிறது. எனவே, மகனைச் சந்திக்க இடைக்கால உத்தரவு கோருவதே இப்போது உங்களுக்குப் பயன்தரும். குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்தில்தான் மனு செய்ய வேண்டும். ஒரு மாதம் தாய்வீட்டில் இருந்ததால் மட்டும் வசிப்பிடம் மாறிவிடாது.

கோபி வாசகி: மணவிலக்கின்போது, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், மகளை இனிக் கேட்பதில்லை என்று 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினொரு வயதாகும் அவள் இப்போது என்னிடம் வர விரும்புகிறாள். வழியுண்டா?

உண்டு, அம்மா. அந்தப் பத்திரம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஏனெனில் நீதிமன்றம் தீர்மானிப்பது பெற்றோருக்குள் நடந்த கொடுக்கல் வாங்கலை அன்று, குழந்தையின் நலனை. நீதிமன்றமே முன்பு பிறப்பித்த உத்தரவுகூட இறுதியானதன்று என்றும், சூழ்நிலை மாறினால் அதனையும் மாற்றலாம் என்றும் 1973-இல் ரோசி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. விவரமறிந்த வயதுக் குழந்தையின் விருப்பத்தையும் கருதலாம் என்கிறது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். நீதிபதிகள் பெரும்பாலும் பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லி, தம் அறையில் குழந்தையிடம் தனியே பேசுவார்கள். மகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தயவுசெய்து சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். மனப்பாடமாக வரும் பதில் நீதிபதிக்கு உடனே தெரிந்துவிடும். அதைவிட, பெற்றோரில் ஒருவருக்கு எதிராகப் பேச வைப்பது அந்தப் பிஞ்சு மனத்துக்குப் பெரும் பாரம்.

தாராபுரம் வாசகர்: மகள் இறந்தபின் மருமகன் பேரனைக் காட்டுவதில்லை. அம்மாயியும் அப்புச்சியுமான எங்களுக்கு உரிமையில்லையா?

தந்தை இருக்கும்போது பேரனை உங்கள் பொறுப்பில் பெறுவது கடினம். ஆனால் நோம்பி நாள்களிலும் பள்ளி விடுமுறையிலும் சந்திக்க அனுமதி கேட்டு மனு செய்யலாம்.

ஈரோடு வாசகி: சனிக்கிழமைதோறும் தந்தை குழந்தையைப் பார்க்கலாம் என்று உத்தரவாகியுள்ளது. ஜீவனாம்சம் தராதவருக்கு ஏன் காட்ட வேண்டும்?

ஜீவனாம்சப் பாக்கியை வசூலிக்கத் தனி மனு உண்டு. அதற்காகச் சந்திப்பை நிறுத்தினால், உத்தரவை மீறியவர் நீங்கள் என்றாகிவிடும். குழந்தையை அனுப்பிக்கொண்டே, எந்தெந்த மாதம் பணம் வரவில்லை என்பதை வங்கிக் கணக்கு விவரத்துடன் குடும்பநல நீதிமன்றத்தில் தாக்கல் செய்யுங்கள்.