மெழுகுவர்த்தி ஏந்தி நின்றால் போர் நின்றுவிடுமா?

நிற்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "போரில் செத்தவர்களுக்காக நாலு பேர் கூடி மெழுகுவர்த்தி ஏற்றுவதால் யாருக்கு என்ன லாபம், எல்லாம் போட்டோவுக்குத்தானே" என்று நீங்கள் கேட்கிறீர்கள், அந்த எரிச்சல் எனக்கும் இருந்ததுதான். 2003 மார்ச் 16 அன்று, இராக் மீது போர் வேண்டாம் என்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான இடங்களில் மக்கள் மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். மார்ச் 20 அன்று குண்டு விழ ஆரம்பித்துவிட்டது.

அப்படியும் நான் நாலைந்து முறை போயிருக்கிறேன், இரண்டு முறை ஏற்பாட்டிலும் கூடமாட நின்றிருக்கிறேன். நான் பார்த்தவரை மெழுகுவர்த்தி அங்கே பெரிய விஷயமே இல்லை (காற்றில் பாதி நேரம் அணைந்துதான் கிடக்கும், பேப்பர் கப்பின் அடியில் ஓட்டை போட்டுச் செருகினால் கொஞ்சம் தாங்கும், மெழுகும் கையில் ஒழுகாது). பெயர் வாசிப்பதுதான் விஷயம். ஒருவருக்கு இருபது பெயர் என்று தாளில் பிரித்துக் கொடுப்போம். பெயர், வயது, அவ்வளவுதான். செய்தியில் "ஐம்பது பேர் பலி" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம், ஆனால் அதே ஐம்பதை ஒவ்வொன்றாக, ஒரு மூச்சு இடைவெளி விட்டு வாசித்துக் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே கஷ்டமாக இருக்கும். சில பட்டியல்களில் வயது என்ற இடத்தில் 0 என்று இருக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தை. அந்த இடம் வந்ததும் வாசிப்பவர் என்ன செய்வதென்று தெரியாமல் தாளையே பார்த்துக்கொண்டு நிற்பதை இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

இதைப் பெரிய அளவில் செய்தது வியட்நாம் போரின்போது வாஷிங்டனில். 1969 நவம்பர் 13 மாலை தொடங்கி 15 காலை வரை, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், ஆர்லிங்டன் கல்லறைப் பக்கமிருந்து ஒற்றை வரிசையில், கையில் மெழுகுவர்த்தி, கழுத்தில் ஓர் அட்டை. வெள்ளை மாளிகைக்கு எதிரே வந்ததும் அட்டையில் இருக்கும் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், பிறகு நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் போய் அட்டையைச் சவப்பெட்டிக்குள் போட வேண்டும். அட்டையில் செத்துப்போன ஓர் அமெரிக்கச் சிப்பாயின் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் அழிக்கப்பட்ட ஒரு வியட்நாம் கிராமத்தின் பெயர். கவனித்தீர்களா, ஒரு பக்கம் ஆள் ஆளாகப் பெயர், இன்னொரு பக்கம் ஊர் மொத்தத்துக்கும் ஒன்று. குறை சொல்லவில்லை, அந்தக் கிராமங்களையாவது சேர்த்தார்களே. ஆனால் எந்த அஞ்சலிக்குப் போனாலும் யார் பெயர் தாளில் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். ஒரு தரப்புச் சாவை மட்டும் வாசித்துவிட்டு, கூடவே கொடியும் ஆட்டினால் அது வேறு கூட்டம்.

அந்தப் போர் அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் நடந்தது, மறைக்கவில்லை. ஆனால் போராட்டங்களைக் கண்டுகொள்ளாத மாதிரி வெளியே காட்டிக்கொண்ட அன்றைய அமெரிக்க அதிபர் நிக்சன், அந்த எதிர்ப்புக்கெல்லாம் பிறகு போரைத் தீவிரப்படுத்தினால் மக்கள் கருத்து பிளவுபடும் என்று தனக்குத் தெரிந்திருந்ததாகப் பின்னாளில் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதினார். எவ்வளவு தூரம் அது கையைக் கட்டிப்போட்டது என்று ஆளாளுக்கு வாதாடலாம்.

போக நினைத்தால் ஒன்று மட்டும். வாசிக்கத் தாள் கொடுத்தால் முன்கூட்டியே வாங்கி, பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து தரையில் சிந்திய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா வந்து, பதினோராவது பெயரை நீங்கள் தப்பாகச் சொன்னீர்கள் என்றார். கோபமாக இல்லை. எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார், சரியாக வரும்வரை மூன்று முறை என்னைச் சொல்ல வைத்தார், பிறகு போய்விட்டார். யாருடைய பெயர் என்று நான் கேட்கவில்லை.