அயர்லாந்தில் மாஸ்டர்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அயர்லாந்து பல்கலைக்கழகங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். வந்ததில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றித்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் மகன் பி.இ. மெக்கானிக்கல் முடித்திருக்கிறான். அயர்லாந்தில் ஒரு வருட மாஸ்டர்ஸ், எல்லாம் சேர்த்து 18 லட்சத்தில் முடிந்துவிடும், பார்ட் டைம் வேலை பார்த்தே கடனை அடைத்துவிடலாம் என்று ஒரு கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? – ஒரு தந்தை, நாமக்கல்

ஐயா, பத்திரத்தை வெளியே எடுக்கும் முன் மகனை உட்கார வைத்து இந்தக் கணக்கை அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்கு மாஸ்டர்ஸ் ஃபீஸ் பெரும்பாலும் 15,000 முதல் 25,000 யூரோ வரை போகிறது, சில படிப்புகளுக்கு அதற்கும் மேல். ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே (இப்போது அதைத் தாண்டிவிட்டது) ஃபீஸ் மட்டும் 15 முதல் 25 லட்சம். இதற்கு மேல் ஒரு வருட வாழ்க்கைச் செலவுக்குக் கையில் 10,000 யூரோ இருப்பதாக விசாவுக்கே காட்ட வேண்டும். தலைநகர் டப்ளினில் அந்தப் பத்தாயிரம் பத்தாது. ஒரு அறைக்கே மாதம் 800, 1,000 யூரோ கேட்கிறார்கள். சாப்பாடு, பஸ், மருத்துவக் காப்பீடு, குடியேற்றப் பதிவு அட்டைக்கு 300 யூரோ, விமான டிக்கெட், குளிருக்கான துணி என்று எல்லாவற்றையும் கூட்டினால் டப்ளினில் 30 லட்சத்துக்குக் குறைந்து வராது. வெளியூர்களில் ஃபீஸ் குறைவான படிப்பாகக் கிடைத்தால் 25 லட்சம். 18 லட்சம் என்று உங்களிடம் சொன்னது அநேகமாக ஃபீஸை மட்டும்தான்.

பார்ட் டைம் விஷயத்துக்கு வருவோம். மாணவர்களுக்குக் கொடுக்கும் ஸ்டாம்ப் 2 அனுமதியில் வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரையும், டிசம்பர் 15 முதல் ஜனவரி 15 வரையும் 40 மணி நேரம். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 14.15 யூரோ. இருபது மணி நேரமும் முழுசாக வேலை கிடைத்தால் வாரம் 283 யூரோ, மாதம் சுமார் 1,200. வாடகையும் சாப்பாடும் போனால் அதில் மிஞ்சுவது சொற்பம். போய் இறங்கிய வாரமே வேலை கிடைக்காது, இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று நினைத்துக்கொண்டு கிளம்புவதுதான் நல்லது. சுருக்கமாகச் சொன்னால் பார்ட் டைம் வருமானம் அங்கே இருப்பதற்குக் கைகொடுக்கும், கடனை அடைக்காது. கடனை அடைக்கப் போவது படிப்புக்குப் பிறகு கிடைக்கும் வேலை. அந்த வேலை கிடைக்கிற படிப்பா இது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. மெக்கானிக்கல் முடித்தவருக்கு அங்கே நல்ல வழிகள் இருக்கின்றன, கீழே அடுத்த பதிலில் சொல்கிறேன். நண்பர்கள் எல்லாரும் எடுக்கிறார்கள் என்று பிடிக்காத டேட்டா அனலிடிக்ஸில் போய் அவர் விழ வேண்டியதில்லை.

இன்னொன்று. கன்சல்டன்சி சொல்லும் படிப்பு அந்த நாட்டின் கல்வித் தகுதி வரிசையில் எந்த நிலை என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். அயர்லாந்தில் மாஸ்டர்ஸ் என்பது 9-ஆம் நிலை. முடித்தால் இரண்டு ஆண்டு வரை தங்கி வேலை தேடலாம். ஹையர் டிப்ளமோ என்று வருவது 8-ஆம் நிலை, அதற்கு ஒரே ஆண்டுதான். பெயரைக் கேட்டால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

அக்கா, எனக்கு டப்ளினில் ஒரு அட்மிஷனும் கால்வேயில் ஒரு அட்மிஷனும் வந்திருக்கின்றன. படித்தது பயோமெடிக்கல். "டப்ளினைத் தவிர வேறெங்கும் வேலை கிடைக்காது" என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். – மாணவி, திருநெல்வேலி

பயோமெடிக்கல் படித்துவிட்டுக் கால்வேயைக் கண்டு பயப்பட வேண்டாம், தங்கச்சி. மெட்ரானிக், பாஸ்டன் சயின்டிஃபிக் இரண்டும் அங்கே பெரிய தொழிற்சாலைகள் வைத்திருக்கின்றன. ஸ்டென்ட், இதயத்துக்கான கருவிகள் என்று மருத்துவக் கருவித் தொழிலே அந்த ஊரைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது. உங்கள் வகுப்பில் பாடம் எடுப்பவர்களுக்கும் அந்தக் கம்பெனிகளுக்கும் தொடர்பு இருக்கும், பிராஜெக்ட் அங்கேயே கிடைக்க வாய்ப்பு உண்டு.

சீனியர்கள் சொல்வது கம்ப்யூட்டர், நிதித்துறை ஆட்களுக்குப் பெருமளவு சரி. கூகுள், மெட்டா இரண்டுக்கும் ஐரோப்பியத் தலைமையகம் டப்ளினில்தான், வங்கிகளும் பெரிய தணிக்கை நிறுவனங்களும் அங்கேதான் குவிந்திருக்கின்றன. ஆனால் நாடு அதோடு முடிந்துவிடவில்லை. கார்க்கில் ஆப்பிள் 1980-லிருந்து இருக்கிறது. அந்த ஊரின் துறைமுகத்தை ஒட்டிய ரிங்காஸ்கிடியில் மருந்துக் கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன, வேதியியல், பயோடெக், கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர்கள் முதலில் பார்க்க வேண்டிய ஊர் அதுதான். லிமெரிக்கில் அனலாக் டிவைசஸ், சிப் வடிவமைப்பில் ஆர்வமுள்ளவர்களுக்கு. இன்டெலின் பெரிய ஆலை லீக்ஸ்லிப்பில், மேனூத் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே. மெக்கானிக்கல் முடித்த நாமக்கல் தம்பிக்கும் இதையேதான் சொல்வேன்: கால்வே, லிமெரிக், கார்க்கில் இருக்கும் கருவி, மருந்து ஆலைகளுக்கு உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, ஆட்டோமேஷன் தெரிந்த ஆட்கள் வேண்டும்.

வாடகையும் டப்ளினை விடக் குறைவு. ஆனால் கால்வே சின்ன ஊர், அங்கேயும் வீடு கிடைப்பது கஷ்டம்தான். மழையும் டப்ளினை விட அதிகம், மேற்குக் கரையில் இருப்பதால். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கால்வேதான்.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 6.0 வந்திருக்கிறது. போதுமா? – மாணவர், கரூர்

பெரும்பாலான மாஸ்டர்ஸ் படிப்புகளுக்கு மொத்தம் 6.5, எந்தப் பிரிவிலும் 6.0-க்குக் குறையக் கூடாது. இன்னொரு முறை எழுதிவிடுங்கள் தம்பி. எழுத்துப் பிரிவுக்குத்தான் பயிற்சி அதிகம் தேவைப்படும்.

ஸ்காலர்ஷிப் என்று ஏதாவது உண்மையில் கிடைக்கிறதா? – மாணவி, விருதுநகர்

கிடைக்கிறது, ஆனால் சீக்கிரம் தொடங்க வேண்டும். அயர்லாந்து அரசே ஆண்டுக்கு 60 வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு உதவித்தொகை தருகிறது. ஒரு வருட ஃபீஸ் முழுவதும் தள்ளுபடி, கைச்செலவுக்கு 10,000 யூரோ. இதற்கு விண்ணப்பிக்கும்போதே கையில் ஒரு அட்மிஷன் கடிதம், நிபந்தனையோடு வந்ததாக இருந்தாலும் சரி, இருக்க வேண்டும். அப்படியென்றால் செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரிலேயே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். பல்கலைக்கழகங்கள் தாங்களாகவே 2,000, 5,000 யூரோ என்று குறைப்பதும் உண்டு. அதைக் கடன் வாங்கும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், உதவித்தொகை என்று நம்பியிருக்க முடியாது.

பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், சேரும் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வர வேண்டும். டப்ளினின் டிரினிட்டி கல்லூரி, யூசிடி (யூனிவர்சிட்டி காலேஜ் டப்ளின்), கார்க், கால்வே பல்கலைக்கழகங்கள் எல்லாம் அதில் வருகின்றன. தமிழக அரசின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறையும் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. தகுதி இருந்தும் தெரியாமலே வட்டிக்குக் கடன் வாங்கிப் போகிற குடும்பங்களை நினைத்தால் மனசு பதறுகிறது. மாவட்ட நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய் விசாரித்துவிடுங்கள், உங்கள் தெருவில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.

விசா மறுத்துவிட்டார்கள். நிதி ஆதாரம் சரியில்லை என்று காரணம் எழுதியிருக்கிறது. அப்பாவின் கணக்கில் 14 லட்சம் காட்டியிருந்தோமே! – மாணவர், தஞ்சாவூர்

அந்த 14 லட்சம் எப்போது கணக்கில் ஏறியது என்பதை யோசித்துப் பாருங்கள். ஆறு மாத வங்கிக் கணக்கு விவரத்தை அவர்கள் வரி வரியாகப் படிக்கிறார்கள். ஐந்து மாதம் இருபதாயிரம், முப்பதாயிரமாக ஓடிய கணக்கில் கடைசி மாதம் திடீரென்று பெரிய தொகை விழுந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் வேண்டும். நிலம் விற்றதா, கிரயப் பத்திரம் வையுங்கள். வைப்புநிதியை உடைத்ததா, வங்கிக் கடிதம். தெரிந்தவரிடம் வாங்கிப் போட்டுவிட்டு விசா வந்ததும் திருப்பிக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்லியிருந்தால், அந்த ஆளை இனிமேல் கேட்காதீர்கள். வங்கி அனுமதித்த கல்விக் கடன் கடிதம் இதைவிட எவ்வளவோ மேல்.

மேல்முறையீடு செய்யலாம், மறுத்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள். கட்டணம் கிடையாது. ஆனால் ஒரே ஒரு முறைதான், அதனால் அவசரப்பட்டு நாலு வரி எழுதி அனுப்பாமல், அவர்கள் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி, அதற்கான தாளையும் இணைத்து, நீங்களே எழுதி அனுப்புங்கள். அரியர், இடைவெளி ஆண்டுகள் இருந்தால் மறைக்க வேண்டாம், அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

என் கணவர் மாஸ்டர்ஸ் படிக்க லிமெரிக் போகிறார். நானும் மூன்று வயது மகளும் கூடவே போக முடியுமா? – ஒரு வாசகி, கோவை

மாஸ்டர்ஸ் மாணவருடன் குடும்பத்தை அழைத்துவர அயர்லாந்து அனுமதிப்பதில்லை, அம்மா. பிரிட்டனும் 2024 ஜனவரியிலிருந்து இதே போல நிறுத்திவிட்டது. உங்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் டிக்கெட் போட்ட பிறகு தெரிவதை விட இப்போதே தெரிவது நல்லது. அதே கணவர் படித்து முடித்து, கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் என்ற வேலை அனுமதி வாங்கிவிட்டால் நீங்கள் இருவரும் உடனே விண்ணப்பிக்கலாம், அங்கே நீங்களும் வேலை பார்க்கலாம்.

அந்த அனுமதிக்கு இரண்டு விஷயம் வேண்டும். வேலை அரசு வெளியிட்டிருக்கும் பட்டியலில் இருக்க வேண்டும்: மென்பொருள், பொறியியல், மருந்து உற்பத்தி, செவிலியர் போன்றவை. சம்பளமும் ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும். 2024-ல் அது 38,000 யூரோவாக இருந்தது, படிப்படியாக ஏற்றிக்கொண்டே வருகிறார்கள், அதனால் 40,000-க்கு மேல் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவான மேனேஜ்மென்ட், எச்.ஆர். வேலைகளுக்கு இந்த வழி எளிதில் திறக்காது. அப்புறம், பெரிய கம்பெனிகள் அடுத்த ஆண்டுக்கான புதிய பட்டதாரிகளை எடுக்க விண்ணப்பம் கேட்பது செப்டம்பர், அக்டோபரில். அவர் பெட்டியைப் பிரிக்கும் அதே வாரங்களில்! சிவியை இங்கேயே தயார் செய்துகொண்டு போகச் சொல்லுங்கள்.

ஃபேஸ்புக்கில் டப்ளினில் ஒரு அறை பார்த்தேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்கிறார். இரண்டு மாத வாடகை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். – மாணவர், சேலம்

அனுப்பாதீர்கள். இது அப்பட்டமான மோசடி, ஆகஸ்ட் மாதத்தில் இது போல ஏமாறுகிற மாணவர்கள் ஏராளம். நீங்களோ, நம்பிக்கையான ஒருவரோ நேரில் போய் வீட்டைப் பார்க்காமல் ஒரு யூரோ கூடக் கொடுக்கக் கூடாது. முதலில் பல்கலைக்கழக விடுதிக்கு, விண்ணப்பம் திறக்கிற நாளிலேயே, விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் "டிக்ஸ்" என்று அங்கே சொல்வார்கள், ஒரு ஐரிஷ் குடும்பத்தின் வீட்டிலேயே ஒரு அறையில் தங்குவது. வாடகை கொஞ்சம் குறையும், ஆனால் அதில் வாடகைதாரருக்கான சட்டப் பாதுகாப்பு கிடையாது, சமைக்கலாமா, வாரக்கடைசியில் இருக்கலாமா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வாடகைப் பிரச்சினை எதுவானாலும் த்ரெஷோல்ட் என்ற தொண்டு நிறுவனம் இலவசமாக ஆலோசனை சொல்கிறது.

டப்ளினில் இந்தியர்களை அடிக்கிறார்கள் என்று செய்தி பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. மகளை அனுப்பலாமா? – ஒரு தாய், சென்னை

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. 2025 ஜூலையில் டப்ளினின் டாலா (Tallaght) பகுதியில் ஒரு இந்தியரைக் கும்பலாகச் சேர்ந்து கொடூரமாகத் தாக்கினார்கள். அதைத் தொடர்ந்து வேறு சில சம்பவங்களும் வெளியே வந்தன, நம் தூதரகமே எச்சரிக்கை வெளியிட்டது. இதை ஒன்றுமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதே நேரத்தில் அந்தப் பகுதி மக்களே திரண்டு வந்து கண்டனப் பேரணி நடத்தினார்கள், அயர்லாந்தின் அப்போதைய குடியரசுத் தலைவரும் வெளிப்படையாகக் கண்டித்தார். பெரும்பாலான மாணவர்கள் அங்கே நிம்மதியாகப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: வாடகை குறைவு என்பதற்காக மட்டும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்காமல், அங்கே ஏற்கெனவே படிக்கும் தமிழ் மாணவர்களிடம் அந்தத் தெருவைப் பற்றிக் கேளுங்கள். டிசம்பரில் மாலை நாலரை மணிக்குள் இருட்டிவிடும், அதனால் பார்ட் டைம் வேலை முடிந்து திரும்பும் பஸ் எது, நிறுத்தத்திலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும் என்பதும் முக்கியம். அவசர எண் 112 அல்லது 999. ஏதாவது நடந்தால், வாய்ப்பேச்சாக இருந்தாலும், போலீசில் பதிவு செய்யச் சொல்லுங்கள். விசாவுக்கு அதனால் ஒரு பாதிப்பும் வராது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் பெல்ஃபாஸ்ட், பாரிஸ் எல்லாம் சுற்றலாம்தானே? – மாணவர், புதுச்சேரி

ஐரிஷ் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. பாரிஸ் போகத் தனியாக, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும், அயர்லாந்து அந்த வளையத்தில் இல்லை. பெல்ஃபாஸ்ட் பிரிட்டனைச் சேர்ந்தது, அதற்குப் பிரிட்டன் விசா வேண்டும். டப்ளினிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம், எல்லையில் நிரந்தரச் சோதனைச் சாவடி கிடையாது, அதனால் நிறையப் பேர் கவலைப்படாமல் போய்விடுகிறார்கள். வழியில் சோதனையில் மாட்டினால் பிற்கால விசாக்கள் எல்லாவற்றிலும் அது தொடரும். விடுமுறையில் கிளிஃப்ஸ் ஆஃப் மோஹர் கடலோரப் பாறைகளைப் பார்த்து வாருங்கள், கால்வேயிலிருந்து பஸ் இருக்கிறது.