செலினக்ஸை நிறுத்தலாமா?

கேள்வி: ஆல்மாலினக்ஸ் சர்வரில் அப்பாச்சி (வெப் சர்வர்) ஓடுகிறது. என் ஹோம் டைரக்டரியில் இருந்த ஃபைல்களை அப்பாச்சியின் எச்டிஎம்எல் டைரக்டரிக்கு 'எம்வி' கட்டளையால் நகர்த்தினேன். பர்மிஷன் 644தான் (எல்லோரும் படிக்கலாம்), ஆனாலும் 403 ('அனுமதி இல்லை') பிழை. செலினக்ஸை (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) நிறுத்தினால் தளம் திறக்கிறது. அப்படியே விடலாமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். நாளை உங்கள் தளத்தில் ஓர் ஓட்டை வழியாக யாராவது நுழைந்தால், அப்பாச்சியைத் தாண்டி அவர் கை நீளாமல் தடுப்பது செலினக்ஸ்தான்.

கோளாறு லேபிளில், அதாவது செலினக்ஸ் பார்க்கும் ஃபைலின் பாதுகாப்பு அடையாளத்தில், இருக்கிறது. 'சிபி' கட்டளையால் நகலெடுத்தால் புதிய ஃபைல் போய்ச் சேரும் டைரக்டரியின் லேபிளைப் பெறும். 'எம்வி' பழைய லேபிளையே சுமந்து வரும். 'எல்எஸ் -இசட்' (பெரிய இசட்) கொடுத்துப் பாருங்கள்: 'யூசர்_ஹோம்_டி' என்றிருக்கும். அப்பாச்சிக்கு வேண்டியது 'எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி'. அந்த டைரக்டரிமேல் 'ரீஸ்டோர்கான்' (லேபிளை விதிப்படி திருத்தும்) கட்டளையைப் பெரிய ஆர், சிறிய வி சேர்த்து ரூட்டாக ஓட்டுங்கள். மாறிய ஒவ்வொரு லேபிளும் திரையில் வரும். ரீஸ்டார்ட் தேவையில்லை.

தளம் வேறு டைரக்டரியில் இருந்தால், முதலில் 'செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்' மூலம் அந்த டைரக்டரிக்கான லேபிள் விதியை எழுதிவிட்டு ரீஸ்டோர்கான் ஓட்டுங்கள். லேபிளை நேரடியாக மாற்றும் 'சிஎச்கான்' வேண்டாம்; அடுத்த ரீலேபிளில் (எல்லா ஃபைல்களுக்கும் விதிப்படி மீண்டும் லேபிள் இடும்போது) அந்த மாற்றம் அழிந்துவிடும்.

செலினக்ஸை முழுதாக டிசேபிள் செய்திருந்தீர்களா? நேராக என்ஃபோர்சிங்குக்கு (விதி மீறலைத் தடுக்கும் நிலை) போகாதீர்கள். இடையில் உருவான ஃபைல்களுக்கு லேபிளே இருக்காது, சர்வர் பூட் ஆகாமலும் போகலாம். பெர்மிசிவில் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலை) பூட் செய்து, ரீலேபிள் முடிந்தபின் மாற்றுங்கள்.